முதல் ஃப்ரீரைடு சைக்கிள்: பின்னாடி ஸ்பிரிங் வேண்டாம் மக்களே!

ஆணி கொஞ்சம் ஓவரா போயிட்டதால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. மன்னிச்சுக்குங்க. (யாரும் தேடலைங்கறது வேற விஷயம் :-))

போன வாரம் ஆபீஸ்ல ஒரு சம்பவம். புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் இருக்கான். கோயமுத்தூர்க்காரன், வான்கூவர் வந்து ஏழு மாசம் ஆகுது. சாப்பாட்டு நேரத்துல போனை நீட்டி, "அண்ணே, இந்த வண்டி எப்படி இருக்கு? புதுசு, டபுள் சஸ்பென்ஷன், 650 டாலர்தான். ஃப்ரீரைடு பண்ணலாம்ல?"னு கேட்டான்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு இடது மணிக்கட்டு வலிச்சது. சும்மா சொல்லலை, நிஜமாவே வலிச்சது. ஏறக்குறைய அதே மாதிரி வண்டியை 2018ல நானும் வாங்கியிருக்கேன்.

அவன்கிட்ட "வேண்டாம்டா"ன்னு மட்டும் சொன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. 'காசு இருக்கறவன் பேசுறான்'னு நினைச்சிருப்பான். நியாயம்தான். வேண்டாம்னு சொல்றவன் வேற எதை வாங்கறதுன்னும் சொல்லணும். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல, ஃப்ரீரைடுன்னா என்ன?

மலைப்பாதையில சைக்கிள் ஓட்டறதுல பல வகை. மூச்சு வாங்க ஏறி இறங்கி தூரம் போறது கிராஸ் கன்ட்ரி. கடிகாரத்தை வெச்சு மேலேர்ந்து கீழே யார் சீக்கிரம் வர்றாங்கன்னு பார்க்கறது டவுன்ஹில். ஃப்ரீரைடுல கடிகாரமே கிடையாது. பாறையிலேர்ந்து குதிக்கலாம் (இதுக்கு டிராப்னு பேரு), மண்மேட்டுல எகிறிப் பறக்கலாம், ஒரு அடி அகலப் பலகை மேல விழாம போய்க் காட்டலாம். எப்படி இறங்கறீங்கங்கறதுதான் விளையாட்டு.

இது வளர்ந்த ஊரே நம்ம பிரிட்டிஷ் கொலம்பியாதான். காம்லூப்ஸ் பக்கத்து வறண்ட மண் சரிவுகள்ல வேட் சிம்மன்ஸ், ரிச்சி ஷ்லே, பிரெட் டிப்பி மாதிரி ஆளுங்க 90கள்ல ஆரம்பிச்சு வெச்சாங்க. இன்னொரு பக்கம் வான்கூவருக்கு நேர் எதிரே தெரியற நார்த் ஷோர் மலைகள்: ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ். அங்கே வருஷத்துல பாதி நாள் மழை, சேறு, மரவேர். சேத்தைத் தாண்ட சீடார் பலகை போட்டாங்க. அப்புறம் அந்தப் பலகையை உசரமாக்கி, ஒல்லியாக்கி, வளைச்சு, அதுவே ஒரு விளையாட்டா ஆயிடுச்சு. 2001ல அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துல முதல் ரெட்புல் ராம்பேஜ் நடந்தப்போ ஜெயிச்சது நம்ம வேட் சிம்மன்ஸ்தான்.

அந்தக் காலத்து வீடியோ கிடைச்சா பாருங்க. அவங்க ஆரம்பத்துல ஓட்டின வண்டிகள்ல பலதுக்கு முன் ஃபோர்க் 100 மில்லிமீட்டர் கூட அமுங்காது. பின்னாடி ஸ்பிரிங்கே இல்லாத வண்டிகளும் நிறைய. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வர்றேன்.

கொசுவத்தி

2018. பர்னபியில ஒரு பேஸ்மென்ட் வீட்டுல குடியிருந்தோம். ஊர்ல தங்கச்சி கல்யாணக் கடன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆனா ஜன்னலைத் திறந்தா மலை. ஆபீஸ் வெள்ளைக்கார நண்பன் ஒருத்தன் ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போய் பசங்க குதிக்கறதைக் காட்டினான். அவ்வளவுதான், பைத்தியம் பிடிச்சிடுச்சு. சின்ன வயசுல மணிக்கு ஒரு ரூபா வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, வாய்க்கா மேட்டுல இறங்கினவன்தானே நானும்!

ஒரு பெரிய கடையில, அரிசி பருப்போட சைக்கிளும் விக்கிற மாதிரிக் கடை, முன்னாடி ஸ்பிரிங், பின்னாடி ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், ஆரஞ்சு கலர், 600 சொச்சம் டாலர். பின்னாடி உக்காந்து அமுக்கிப் பார்த்தேன். நல்லா குலுங்குச்சு. இதைவிட என்ன வேணும்? தங்கமணிகிட்ட "இதுவே சைக்கிள் கடையில 3,000 டாலர் தெரியுமா"ன்னு பெருமை வேற.

மூணாவது வாரம் சீமோர் மலை. ரெண்டு அடி டிராப். ரெண்டே அடி மக்களே, நம்ம ஊர்த் திண்ணை உசரம். முன் சக்கரம் ஒழுங்காத்தான் தரை தொட்டுச்சு. பின்னாடி ஸ்பிரிங் முழுசா அமுங்கி, வாங்கின வேகத்துலயே திருப்பி உதைச்சுது. நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் இடது கையை ஊணி விழுந்தேன். மணிக்கட்டுல ஒரு குட்டி எலும்பு உடைஞ்சுது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் கம்மி, அதனால லேசுல கூடாதுன்னு டாக்டர் சொன்னார். பத்து வாரம் மாவுக்கட்டு. கட்டு, எக்ஸ்ரே எல்லாம் மாகாணக் காப்பீட்டுல போச்சு. பிசியோதெரபிக்குக் கைக்காசு. எவ்வளவுன்னு இன்னிவரைக்கும் தங்கமணிகிட்ட சரியா சொன்னதில்லை.

ஊர்லேர்ந்து அம்மா போன்ல கேட்டது ஒரே கேள்வி: "கை ஒடியற அளவுக்கு அப்படி என்னடா சைக்கிளு?"

கட்டுப் போட்ட கையோட வீட்டுல உக்காந்திருந்தப்போதான் வண்டியோட வந்த புத்தகத்தை முதல்முறையா படிச்சேன். அந்த வண்டி 'வகை 2'. அதாவது தார் ரோடு, சரளை ரோடு, 15 சென்டிமீட்டருக்குள்ள இறக்கம். நான் குதிச்சது 60. கடைக்காரன் பொய் சொல்லலை. நான் கேக்கலை. ஆனாலும் கலரும் ஸ்பிரிங்கும் வேற ஒண்ணைச் சொல்லிச்சே, அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு.

அந்த அஞ்சு நம்பர்

ஏஎஸ்டிஎம் எஃப்2043னு ஒரு அமெரிக்கத் தர அளவு இருக்கு. சைக்கிள்களை 1லேர்ந்து 5 வரை பிரிக்கும். 1 தார் ரோடு மட்டும். 2 மேல சொன்னது. 3 மலைப்பாதை, 61 செ.மீ.க்குக் குறைவான டிராப். 4 அதைவிட முரட்டுப் பாதை, 122 செ.மீ.க்குக் குறைவா. 5 பெரிய குதியல், டவுன்ஹில், பைக் பார்க். நிறைய கம்பெனிகள் ஃபிரேம்ல ஒட்டியோ கையேட்டுல போட்டோ இந்த நம்பரைச் சொல்லிடுவாங்க. ஃப்ரீரைடு கத்துக்கறவங்க 4க்குக் கீழே தொடாதீங்க. எத்தனை ஸ்பிரிங் இருக்குன்னு எண்றதுக்கு முன்னாடி இந்த ஒரு நம்பரைத் தேடுங்க. இது தெரிஞ்சிருந்தா என் கை தப்பிச்சிருக்கும்.

மலிவு டபுள் சஸ்பென்ஷன்ல என்ன கோளாறு?

ஸ்பிரிங் அடியை வாங்கிக்கும், சரி. ஆனா வாங்கினதைத் திருப்பிக் குடுக்குமே! அந்தத் திருப்பிக் குடுக்கற வேகத்தைக் குறைக்கத்தான் நல்ல ஷாக்குக்குள்ள எண்ணெய் இருக்கு. சின்ன ஓட்டைகள் வழியா அந்த எண்ணெய் போய் வர்றதுக்கு நேரம் ஆகும், அதனால ஸ்பிரிங் மெதுவா நீளும். இதுதான் டாம்பிங். மலிவு வண்டியில பல சமயம் வெறும் ஸ்பிரிங்தான். குதிரை மாதிரி உதைக்கும்.

அதோட காசு ஒண்ணுதானே. 650 டாலர்ல பின் ஷாக், பிவட், பேரிங், கூடுதல் இரும்பு எல்லாத்துக்கும் பங்கு போட்டா, பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் என்ன மிஞ்சும்? உங்க உசிரைக் காப்பாத்தற மூணு சாமான் அதுதான்.

என் கட்சி: பழைய ஹார்ட்டெயில்

ஹார்ட்டெயில்னா முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன், பின்னாடி விறைப்பா இருக்கற வண்டி. பட்ஜெட் இறுக்கமா இருந்தா முதல் ஃப்ரீரைடு வண்டி இதுவாத்தான் இருக்கணும், அதுவும் செகண்ட் ஹேண்டா இருக்கணும்னு நான் சொல்றேன். சண்டைக்கு வர்றவங்க வரலாம். :-)

பின்னாடி கெட்டுப்போக ஒண்ணுமே இல்லை. அதே காசுக்கு ஃபோர்க்கும் பிரேக்கும் ரெண்டு படி மேல கிடைக்கும். இன்னொண்ணு, தப்பான கோட்டுல போனா முதுகு உடனே சொல்லிடும். எங்கே பார்க்கணும், எப்போ முட்டியை மடக்கணும்னு அந்த வண்டிதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அந்த 90கள் ஆளுங்க இந்த விளையாட்டைக் கண்டுபிடிச்சதே இப்படிப்பட்ட வண்டியிலதான். ஆரம்பத்துல கத்துக்கறதுக்கு நமக்கு இது பத்தாதா என்ன?

2019 வசந்த காலத்துல, கை சரியானதும், 2,000 டாலர் எடுத்து வெச்சேன். ஒரு வருஷம் தீபாவளிக்கு எனக்கு ஒண்ணும் வாங்காம, ஓவர்டைம் பார்த்து சேர்த்தது. அது போன வழி இது:

வண்டி 1,150. புது ஃபுல்ஃபேஸ் ஹெல்மெட் 220. முட்டிக் கவசம் 90. கையுறை 30. நல்ல தடிமனான டயர் ரெண்டு, அதுக்குள்ள ஊத்தற சீலன்ட்டோட 190. ஃபோர்க் சர்வீஸ் 150. பிரேக் எண்ணெய் மாத்தி, புதுக் கட்டை போட 80. டீரெய்லர் மாட்டற ஹேங்கர் ஸ்பேர் ஒண்ணு 30. மொத்தம் 1,940. மீதி 60 டாலருக்கு தங்கமணியோட தோசைக்கடை.

கவனிச்சீங்களா, ஏறக்குறைய 800 டாலர் வண்டிக்கு வெளியே போயிருக்கு. இதுதான் இந்தப் பதிவுல முக்கியமான விஷயம். கையில இருக்கற மொத்தத்துல அறுபது சதவீதத்துக்கு மேல வண்டியில போடாதீங்க. 2,000 வெச்சிருக்கறவன் 2,000க்கு வண்டி வாங்கினா, ஹெல்மெட்டுக்கு அடுத்த சம்பளம் வரைக்கும் காத்திருப்பான். ஆனா குதிக்கறதுக்குக் காத்திருக்க மாட்டான். நானே அப்படித்தான் இருந்தேன்.

ஹெல்மெட் மட்டும் பழசு வாங்கவே கூடாது. ஒரு தடவை அடி வாங்கின ஹெல்மெட் வெளியே பளபளன்னுதான் இருக்கும். ஏஎஸ்டிஎம் எஃப்1952ன்னு டவுன்ஹில் தர முத்திரை இருக்கான்னு பாருங்க.

பழசு வாங்கறப்போ எங்கே பார்க்கணும்?

ஊர்ல சைக்கிள் கடையில 'ஓவராயில்' பண்றதுன்னு மொத்தமா பிரிச்சுப் போடுவாங்களே, அந்தக் கடைக்காரர் கண்ணோட பாருங்க.

ஃபிரேம்: ஹேண்டில்பாருக்குக் கீழே ரெண்டு குழாய் சேர்ற இடம், பெடல் அச்சு சுத்தி, பின் சக்கரத்துக்குப் போற குழாய்களோட வெல்டிங். துணியால துடைச்சிட்டு, போன் லைட் அடிச்சு, முடி மாதிரி கோடு இருக்கான்னு தேடுங்க. பெயின்ட் சுருங்கியிருந்தா சந்தேகப்படுங்க. ஸ்டீல் இல்லேன்னா அலுமினியம் போதும். முதல் வண்டியே பழைய கார்பன் வேண்டாம். உள்ளே உடைஞ்சிருந்தா நம்ம கண்ணுக்குத் தெரியாது.

ஃபோர்க்: 140, 150 மில்லிமீட்டர் போதும். கால் குழாய் தடிமன் 35 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பளபளப்பான பகுதியில நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டற கீறல் இருந்தா எண்ணெய் கசியும், அந்த வண்டியை விட்டுடுங்க. கடைசியா எப்போ சர்வீஸ்னு கேளுங்க. கீழ்ப் பகுதி எண்ணெயை ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை மாத்தணும்பாங்க. விக்கறவர் முழிச்சா, அந்தச் செலவைக் குறைச்சு விலை பேசுங்க. 150 இருக்கற இடத்துல 180 மில்லிமீட்டர் ஃபோர்க்கை நீங்களா மாட்டாதீங்க. ஃபிரேம் தாங்கற அளவைக் கம்பெனி சொல்லியிருக்கும்.

பிரேக்: ஹைட்ராலிக், முடிஞ்சா நாலு பிஸ்டன், முன் டிஸ்க் 180 மில்லிமீட்டருக்குக் குறையாம. லிவரை அமுக்கிப் பிடிச்சா மெல்ல மெல்ல கைப்பிடி வரைக்கும் இறங்கக் கூடாது.

சக்கரம்: தூக்கிச் சுத்தி கோட்டம் பாருங்க. லேசான கோட்டம்னா எடுத்துடலாம். ரிம் நசுங்கியிருந்தா செலவு.

கியர்: கடைசிக் கவலை. பழைய பத்து கியர் செட் போதும். பளபள கியருக்காக வண்டி வாங்கறது, கல்யாணப் பத்திரிகை நல்லாருக்குன்னு பொண்ணு கட்டறாப்ல.

முக்கியமா, திருட்டு வண்டியா பாருங்க. வான்கூவர்ல சைக்கிள் திருட்டு கொஞ்சநஞ்சமில்லை. அடியில இருக்கற சீரியல் நம்பரை 529 கராஜ்ல தேடிப் பார்த்துட்டுத்தான் காசு குடுக்கணும். நம்பரைச் சுரண்டியிருந்தா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க. அது யாரோ ஒருத்தன் ஓவர்டைம் பார்த்து வாங்கினது.

எதிர்க்கட்சி என்ன சொல்லுது?

நான் நிஜமாவே சபலப்பட்ட இன்னொரு வழியும் இருக்கு. 2008, 2010 வாக்குல வந்த பழைய ஃப்ரீரைடு ராட்சசன்கள். 26 இஞ்ச் சக்கரம், முன்னும் பின்னும் 180 மில்லிமீட்டர், 18 கிலோ. புதுசுல நாலாயிரம் அஞ்சாயிரம் டாலர் போன வண்டி, இப்போ 900க்குக் கிடைக்கும். வகை 5 வண்டிதான், வாங்கலாமே?

மலிவா கிடைக்கறதுக்குக் காரணம் இருக்கு. அந்த ஷாக்குக்குப் பாகம் தேடி அலையணும். பிவட் பேரிங் எல்லாம் மாத்தினா தனிச் செலவு. 26 இஞ்ச்ல நல்ல டயர் தேர்வு சுருங்கிப் போச்சு. இப்போ வர்ற ஃபோர்க் பலதும் அந்தப் பழைய ஃபிரேம்ல பொருந்தாது. எல்லாத்துக்கும் மேல, ஃப்ரோம்ல லிஃப்ட் கிடையாது. மவுன்டன் ஹைவேங்கற சரளை ரோட்டுல மிதிச்சுத்தான் ஏறணும். 18 கிலோவை மிதிச்சு ஏறிட்டு, மேலே போய் குதிக்கத் தெம்பு இருக்குமா? களைச்ச கால்தான் முதல்ல தப்பு பண்ணும்.

"ஹார்ட்டெயில்ல உடம்பு நொந்து போகும்"பாங்க. ஒத்துக்கறேன். விஸ்லர் பைக் பார்க்ல பிரேக் போட்டுப் போட்டுக் குழி விழுந்த தடத்துல நாலு ரவுண்டு போனா பல்லெல்லாம் ஆடும். அதுக்கு என் வழி: வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் விஸ்லர் போறப்போ அங்கேயே டவுன்ஹில் வண்டி வாடகைக்கு எடுத்துக்கறது. மத்த நாளெல்லாம் என் ஹார்ட்டெயில். உங்க வீட்டுப் பக்கத்துலயே லிஃப்ட் இருந்து, வாரா வாரம் போவீங்கன்னா கணக்கு மாறும். அவங்க காசு சேர்த்து, மூணு நாலு வருஷம் பழசான டபுள் சஸ்பென்ஷன் வாங்கலாம். அதுக்கும் அந்த அறுபது சதவீத விதியை மறந்துடாதீங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. "4,000 டாலர் இல்லேன்னா இந்த விளையாட்டுக்கே வராதே"ன்னு சொல்றவங்க. இவங்க மேலதான் எனக்கு ரொம்பக் கோவம். இப்படிச் சொல்லிச் சொல்லியே என்னை மாதிரி, அந்தத் தம்பி மாதிரி ஆளுங்களை அரிசிக்கடை சைக்கிள் பக்கம் தள்ளி விடறாங்க. நடுவுல ஒரு வழி இருக்குன்னு யாரும் சொல்றதில்லை. மலைக்கு டிக்கெட் கிடையாது. நமக்குப் பணம்தான் கம்மி, ஆசையும் எலும்பும் எல்லாருக்கும் ஒண்ணுதானே?

என் ஹார்ட்டெயிலுக்கு இப்போ ஏழாவது வருஷம். ரெண்டு தடவை சங்கிலி, எத்தனையோ டயர், ஒரு பின் சக்கரம் மாத்தியாச்சு. அந்த சீமோர் டிராப்பை 2019 ஆகஸ்ட்ல மறுபடி குதிச்சேன். முன்னாடி போய் நின்னு, திரும்பி வந்து, மறுபடி போய் நின்னு, நாலாவது தடவைதான் விட்டேன். ரெண்டு அடிதான். கீழே வந்து நிறுத்தினப்போ கை நடுங்குச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணலை.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பதிவுல இருக்கற கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி நேத்து அவன்கிட்ட குடுத்தேன். ராத்திரி பத்து மணிக்குப் போன். "அண்ணே, என்கிட்ட மொத்தமே 1,400தான் இருக்கு. அறுபது சதவீதம்னா 840 வருது. அதுக்குள்ள மூணு ஹார்ட்டெயில் பார்த்து வெச்சிருக்கேன். சனிக்கிழமை கூட வர்றீங்களா?"

வர்றேன்னு சொல்லியிருக்கேன். டார்ச்சும் துணியும் எடுத்து வெச்சாச்சு.

டிஸ்கி 1: நான் மெக்கானிக் இல்லை, ஒருதடவை உடைஞ்சவன். அவ்வளவுதான் தகுதி. வாங்கறதுக்கு முன்னாடி பக்கத்துல நல்ல சைக்கிள் கடையில காசு குடுத்து ஒருதடவை காட்டிடுங்க.

டிஸ்கி 2: உங்க முதல் வண்டி எது, எவ்வளவு, எங்கே விழுந்தீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. சனிக்கிழமை காலையில தம்பிக்குப் படிச்சுக் காட்டணும்.